பழைய எஞ்சினுக்குப் புதுக் கேம்ஷாஃப்ட்: எதைப் பார்த்துத் தேர்வது?

பழைய காரின் எஞ்சினைப் பிரித்து மேசைமேல் வைக்கும்போது தவறாமல் ஒரு பேச்சு எழும். டைமிங் செயின் எப்படியும் மாற்றப் போகிறோம். கூடவே கேம்ஷாஃப்டையும் வேகமானதாக மாற்றிவிட்டால் என்ன? விற்பவர்களின் பட்டியலில் நகர ஓட்டத்துக்கு, ராலிக்கு, ரேஸுக்கு என்று வரிசையாக கேம்கள் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் டிகிரிக் கணக்கு இருக்கும். எண் பெரிதானால் சக்தியும் பெரிது என்று நம்பத் தோன்றும். அந்த நம்பிக்கையால் கெட்டுப்போன நல்ல எஞ்சின்கள் நிறைய.

இந்தக் கேள்வியை ஓர் உண்மையான எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வதே சரி. அதற்கு பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1798 சி.சி. அளவில் இது எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் 1962 முதல் 1980 வரை ஓடியது. இதே குடும்பத்தின் 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசடரின் பானெட்டுக்குள் பல ஆண்டுகள் இருந்தது. இதன் தம்பியான ஏ-சீரிஸ், மினி காரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. மூன்றிலும் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. செயின் அதைச் சுற்றுகிறது. டேப்பட், புஷ்ராட், ராக்கர் வழியாக வால்வு திறக்கிறது. ஆகவே இங்கே சொல்வது மூன்றுக்கும் பொருந்தும்.

கேமைத் தேர்வது என்றால் முதலில் இன்லெட் வால்வு எந்தக் கணத்தில் மூட வேண்டும் என்று முடிவு செய்வது. அந்தக் கணத்தை முடிவு செய்ய வேண்டியது வண்டி உண்மையில் ஓடும் ஆர்.பி.எம். மற்ற எண்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

நான்கு கணங்கள்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். வால்வு டைமிங் எண்கள் எல்லாம் கிராங்க் டிகிரியிலேயே சொல்லப்படுகின்றன. நான்கு கணங்களை ஒரு கேம் தீர்மானிக்கிறது: இன்லெட் திறப்பது, இன்லெட் மூடுவது, எக்ஸாஸ்ட் திறப்பது, எக்ஸாஸ்ட் மூடுவது.

எம்.ஜி.பி.யின் ஆலைக் கேமில் இன்லெட் வால்வு, பிஸ்டன் மேல்முனைக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே திறக்கிறது; கீழ்முனையைத் தாண்டி 56 டிகிரியில் மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு கீழ்முனைக்கு 51 டிகிரி முன்னதாகத் திறந்து, மேல்முனைக்கு 21 டிகிரி பின்னதாக மூடுகிறது. மெக்கானிக்குகள் இதை 16-56-51-21 என்று எழுதுவார்கள்.

இந்த நான்கு எண்ணிலிருந்தே மற்ற எல்லாம் கிடைக்கும். 16, 180, 56 ஆகிய மூன்றையும் கூட்டினால் 252. இன்லெட் திறந்திருக்கும் காலம் அது. எக்ஸாஸ்டுக்கும் கூட்டினால் அதே 252. இன்லெட் திறப்பதும் எக்ஸாஸ்ட் மூடுவதும் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஓவர்லேப், 16 கூட்டல் 21, ஆக 37 டிகிரி. இன்லெட் முழுதாகத் திறந்திருக்கும் முகட்டின் நடுக்கோடு, 252-இல் பாதியான 126-இலிருந்து 16-ஐக் கழித்தால் 110. அதாவது மேல்முனைக்குப் பின் 110 டிகிரி. எக்ஸாஸ்ட் முகட்டின் நடுக்கோடு அதே கணக்கில் மேல்முனைக்கு முன் 105. இரண்டின் சராசரியான 107.5, இன்லெட் முகடும் எக்ஸாஸ்ட் முகடும் விலகி நிற்கும் இடைக்கோணம்.

பழைய 848 சி.சி. மினியின் எண்கள் 5-45-40-10. திறப்புக் காலம் 230. ஓவர்லேப் 15 மட்டுமே. இடைக்கோணம் அதே 107.5. இந்த இரண்டு வரிசையையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பட்டியலையும் படித்துவிடலாம்.

நான்கில் தலையானது

நான்கு கணங்களும் சமமானவை அல்ல. எஞ்சின் கட்டுவோர் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் வரிசை இது: இன்லெட் மூடுவது முதலிடம், ஓவர்லேப் இரண்டாமிடம், எக்ஸாஸ்ட் திறப்பது கடைசி.

இன்லெட் ஏன் கீழ்முனையில் மூடாமல் தாமதிக்கிறது? போர்ட்டுக்குள் ஓடிவரும் காற்றுக்கு வேகமும் எடையும் உண்டு. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அது சிலிண்டருக்குள் புகுந்துகொண்டே இருக்கும். சுற்று வேகம் கூடக்கூட அந்த உந்துதல் கூடும். தாமதமாக மூடினால் ஆதாயம். சுற்று குறைந்தால் உந்துதல் இருக்காது. தாமதமாக மூடினால் உள்ளே வந்த கலவையை ஏறும் பிஸ்டனே போர்ட்டுக்குத் திருப்பித் தள்ளிவிடும். ஆகவே இன்லெட் மூடும் ஒவ்வொரு கோணத்துக்கும் நன்றாக நிரம்பும் ஓர் ஆர்.பி.எம். உண்டு. அதற்குக் கீழே இழப்பு, மேலேயும் இழப்பு.

தாமதத்தின் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். எம்.ஜி.பி.யின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., கனெக்டிங் ராட் நீளம் 165.1 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 8.8. இன்லெட் 56 டிகிரியில் மூடும்போது பிஸ்டனுக்கு மேல்முனைவரை சுமார் 73.5 மி.மீ. தூரம் மிச்சமிருக்கிறது. உண்மையில் கலவையை அழுத்துவது அந்தத் தூரம்தான். அதை வைத்துக் கணக்கிட்டால் செயல்படும் கம்ப்ரஷன் 7.4 அளவில் வரும்.

இப்போது 270 டிகிரி கேமை, இன்லெட் நடுக்கோடு 106-இல் வைத்துப் பொருத்துவோம். திறப்புக் காலத்தில் பாதியோடு நடுக்கோட்டைக் கூட்டி 180-ஐக் கழித்தால் மூடும் கோணம் கிடைக்கும்: 135, 106, கழித்தல் 180, ஆக 61. செயல்படும் கம்ப்ரஷன் 7.2. 285 டிகிரி கேமில் அது 6.8. 300 டிகிரி ரேஸ் கேமில் இன்லெட் மூடுவது 76 டிகிரியில், கம்ப்ரஷன் 6.35-க்கு இறங்கிவிடும். ஹெட்டில் கை வைக்காமல் ரேஸ் கேமை மட்டும் போட்டவருடைய வண்டி கீழ் சுற்றில் உயிரில்லாமல் கிடப்பதற்குக் காரணம் இந்த எண்தான். இழந்ததை மீட்க, 270-க்கு ஹெட்டைச் சீவி விகிதத்தை 9.1-க்கும், 285-க்கு 9.7-க்கும், 300-க்கு 10.4-க்கும் உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினாலும் கீழ் சுற்றில் நிரம்பாத சிலிண்டர் நிரம்பிவிடாது. இழப்பு ஓரளவு குறையும், அவ்வளவே. மேல் சுற்றில் சிலிண்டர் நன்றாக நிரம்பும்போது, உயர்த்திய விகிதமே பெட்ரோலின் ஆக்டேனைச் சோதிக்கும். நாக்கிங் வரும் வாய்ப்பும் கூடும்.

ஓவர்லேப்பும் இடைக்கோணமும்

எக்ஸாஸ்ட் மூடுவதற்குள் இன்லெட் திறந்துவிடும் அந்தச் சில டிகிரிகளில், வெளியேறும் புகையின் வேகம் உள்ளே புதுக் கலவையை இழுத்துக் கொடுக்கும். ஆனால் அது நல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் உயர்ந்த சுற்றும் சேரும்போது மட்டுமே நடக்கும். ஐடிலில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேனிஃபோல்டில் வாக்குவம் வலுவாக இருக்கும், புகை இன்லெட் பக்கம் திரும்பிப் பாயும், கலவை கெடும், எஞ்சின் துள்ளித் துள்ளி ஓடும். புகை இப்படிப் பாய்வதால் வாக்குவமும் குறையும்; பிரேக் சர்வோ இருக்கும் வண்டியில் பெடல் கனக்கும். இது சொகுசுப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் திறப்புக் காலம் சமமாக இருந்தால், அதிலிருந்து இடைக்கோணத்தின் இருமடங்கைக் கழித்தால் ஓவர்லேப் கிடைக்கும். இடைக்கோணம் 107 என்றால் 270 கேமுக்கு ஓவர்லேப் 56, 285-க்கு 71, 300-க்கு 86. திறப்புக் காலத்தை நீட்டாமலே இடைக்கோணத்தைக் குறுக்கினாலும் ஓவர்லேப் கூடும்.

இடைக்கோணத்தை முதலில் முடிவு செய்து, பிறகு திறப்புக் காலத்துக்கு வர வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமானவர், ஏ-சீரிஸ் எஞ்சினைப் பற்றிப் பெரிய நூலே எழுதிய டேவிட் விஸார்ட். ஷெவர்லே சிறு வி8 எஞ்சினுக்கு அவர் ஒரு சூத்திரம் தந்தார்: ஒரு சிலிண்டரின் கன அங்குல அளவை இன்லெட் வால்வின் விட்டத்தால் வகுத்து, 0.91-ஆல் பெருக்கி, 128-இலிருந்து கழிப்பது. வால்வு சிறிதானால் இடைக்கோணம் குறுகலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சிந்தனை சரியானது. ஆனால் எண்ணை அப்படியே எம்.ஜி.பி.க்குக் கொண்டுவந்தால், 1.565 அங்குல வால்வுக்குச் சுமார் 112 வருகிறது. ஆலையோ 107.5 வைத்தது. வி8-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்லெட் போர்ட் உண்டு. பி-சீரிஸில் அது கிடையாது. ஓர் எஞ்சினுக்காகப் பிறந்த சூத்திரத்தை இன்னோர் எஞ்சினுக்குப் போட்டால் எண் வரும், விடை வராது.

ஒரு போர்ட், இரண்டு சிலிண்டர்

பி-சீரிஸ், ஏ-சீரிஸ் இரண்டின் ஹெட்டிலும் மொத்தம் ஐந்து போர்ட்களே. முதல் இரண்டு சிலிண்டருக்கும் ஓர் இன்லெட் போர்ட். கடைசி இரண்டுக்கும் ஒன்று. எக்ஸாஸ்டுக்கு மூன்று, நடுவில் இருப்பது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொது. ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த எரிப்பறை இதன் பலம். போர்ட் பங்கீடு இதன் வரம்பு.

தீப்பொறி வரிசை 1-3-4-2. இரண்டாம் சிலிண்டர் காற்றை இழுக்கத் தொடங்கி 180 டிகிரி கழித்து, அதே போர்ட்டிலிருந்து முதல் சிலிண்டர் இழுக்கத் தொடங்கும். அதிலிருந்து 540 டிகிரி கழித்தே இரண்டாம் சிலிண்டரின் முறை மறுபடி வரும். மறுபக்கம் மூன்றாவது முந்திக்கொள்ளும், நான்காவது தொடரும். ஆக, உள்பக்கச் சிலிண்டர்கள் இரண்டும் முதலில் குடிக்கின்றன. ஓரச் சிலிண்டர்கள் பின்னால் வருகின்றன.

இரண்டு இன்லெட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கோணம், திறப்புக் காலத்திலிருந்து 180-ஐக் கழித்தால் கிடைக்கும். ஆலைக் கேமில் 72 டிகிரி. 300 டிகிரி கேமில் 120. உள்பக்கச் சிலிண்டர் கடைசியாக நிரம்பும் நேரத்தில்தான் பக்கத்துச் சிலிண்டரின் பிஸ்டன் கீழே இறங்கி உறிஞ்சத் தொடங்குகிறது. தாமதமாக மூடுவதால் கிடைக்க வேண்டிய ஆதாயத்தைப் பக்கத்துச் சிலிண்டர் பறித்துக்கொள்கிறது. கேம் நீள நீள, உள் சிலிண்டருக்கும் ஓரச் சிலிண்டருக்கும் கலவை வேறுபடும். ஒன்றுக்குச் சரியான கார்புரேட்டர் அமைப்பு மற்றொன்றுக்குத் தவறாகும்.

இதற்கு மாற்றாக, உள் சிலிண்டர்களுக்கும் ஓரச் சிலிண்டர்களுக்கும் முகடுகளைச் சற்று வெவ்வேறு கோணத்தில் வெட்டிய கேம்களும் வந்திருக்கின்றன. ஐந்து போர்ட் எஞ்சினை நன்கு அறிந்தவர்களின் பதில் அது. சாலை வண்டிக்கு அதைவிட எளிய பாடம் ஒன்று இதில் உண்டு: தனிப் போர்ட் உள்ள எஞ்சினுக்கு 285 டிகிரி கேம் மிதமானதாக இருக்கலாம், பி-சீரிஸுக்கு அது மிதமானது அல்ல.

கூப்பர் எஸ் தரும் சாட்சி

நீண்ட திறப்புக் காலம் இல்லாமல் சக்தி வராது என்பவர்களுக்கு ஏ-சீரிஸ் குடும்பமே பதில் வைத்திருக்கிறது. மினியின் கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியை வென்றது. போட்டி அணி தன் வண்டிகளைத் தனியாகத் தயார்செய்தது. ஆனால் கடையில் விற்ற கூப்பர் எஸ்ஸின் கேம் எண்கள் 5-45-51-21. இன்லெட் பக்கத்தில் 5-45. சாதாரண 848 சி.சி. மினியில் இருந்த அதே கோணங்கள், அதே 230 டிகிரி.

848 சி.சி. மினியின் சக்தி 34 குதிரைத் திறன், லிட்டருக்கு 40. 1275 சி.சி. கூப்பர் எஸ் தந்தது 76. லிட்டருக்கு சுமார் 60. இன்லெட் கோணம் மாறவில்லை. மாறியவை வேறு: பெரிய வால்வுகள், நல்ல ஹெட், உயர்ந்த கம்ப்ரஷன், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், வால்வு தூக்கும் உயரம், கூடவே எக்ஸாஸ்ட் பக்கத்தில் நீட்டிய 252 டிகிரி. இன்லெட்டைச் சீக்கிரமே மூடி, கீழ் சுற்று இழுவையைக் காப்பாற்றிக்கொண்டு, ஹெட் வழியாகச் சக்தியை எடுத்தார்கள். கேமை நீட்டுவதற்கு முன் ஹெட்டைப் பாருங்கள் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

தூக்கும் உயரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வால்வின் விட்டத்தில் கால்பங்கு உயரம் தூக்கினால், அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளி வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகிவிடும். எம்.ஜி.பி.யின் இன்லெட் வால்வுக்கு அது சுமார் 9.9 மி.மீ.; ஆலைக் கேமே 9.25 மி.மீ. தூக்குகிறது. ஆகவே போர்ட்டைச் சீர்செய்யாமல் உயரத்தை மட்டும் கூட்டிப் பெரிய லாபமில்லை. ஏ-சீரிஸ் கதை வேறு. அங்கே ராக்கர் விகிதம் சுமார் 1.25, அதை 1.5 ஆக்கினால் திறப்புக் காலம் கிட்டத்தட்ட மாறாமல், உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சாலை வண்டிக்கு அது பல சமயம் புதுக் கேமைவிட நல்ல செலவு.

பட்டியல் எண்ணை எப்படிப் படிப்பது

இரண்டு நிறுவனங்களின் 270 ஒன்றல்ல. வால்வு எந்த உயரத்தில் "திறந்துவிட்டது" என்று எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எம்.ஜி.பி.யின் ஓட்ட இடைவெளி 0.015 அங்குலம், ஆனால் ஆலைக் கையேடு டைமிங்கைச் சரிபார்க்க 0.055 அங்குல இடைவெளி வைக்கச் சொல்கிறது. அதாவது 252 என்பது வால்வின் முழு நடமாட்டம் அல்ல. ஓடும் எஞ்சினில் வால்வு அதைவிட முன்னதாகத் திறந்து தாமதமாக மூடுகிறது. அமெரிக்கக் கேம்காரர்கள் டேப்பட் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து அளந்த எண்ணையும் தருகிறார்கள்.

ஆகவே வாங்கும் முன் ஒரே உயரத்தில் அளந்த எண்களைக் கேளுங்கள். மேலே நான் போட்ட கம்ப்ரஷன் கணக்கும் எல்லாக் கேமையும் ஒரே முறையில் அளந்ததாக வைத்துப் போட்டதே. வேறுபாட்டின் திசையும் அளவும் புரிவதற்கு அது போதும். வாங்கிய கேமுக்கு அதன் அட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும். எண்களைக் கொடுக்க மறுத்து "ஸ்டேஜ் 2" என்ற பெயரை மட்டும் சொல்லி விற்கப்படும் கேமை வாங்க வேண்டாம்.

வண்டி எங்கே ஓடுகிறது?

ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி. டாப் கியரில் ஆயிரம் சுற்றுக்கு மணிக்கு சுமார் 29 கி.மீ. போகும். 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுற்றுவது 2,100 அளவில், 100 கி.மீ. வேகத்தில் 3,500 அளவில். ஆலை எஞ்சினின் உச்ச டார்க் 3,000 ஆர்.பி.எம்.மிலும் உச்ச சக்தியான 95 குதிரைத் திறன் 5,400-இலும் வருவது தற்செயல் அல்ல. 300 டிகிரி கேம் தன் வேலையைத் தொடங்கும் இடத்தில் சாலை ஓட்டுநர் பெரும்பாலும் அடுத்த கியருக்குப் போயிருப்பார்.

மேலே ஒரு கூரையும் உண்டு. 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5,400 சுற்றுக்கு பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர். 7,000 சுற்றுக்கு 20.7 மீட்டர். 1964-இன் இறுதிவரை வந்த எம்.ஜி.பி. எஞ்சின்களின் கிராங்குக்கு மூன்று பேரிங்தான், பிறகுதான் ஐந்து. அம்பாசடரின் 1489 சி.சி.க்கும் அதே ஸ்ட்ரோக், அதே மூன்று பேரிங். இந்த எஞ்சினை 7,000-இல் வாழவைக்கும் கேமை வாங்கினால், அந்த வேகத்தைத் தாங்கும் கிராங்க், ராட், போல்ட் எல்லாவற்றையும் வாங்க வேண்டும்.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அங்கே ஓடின. ஓடுபாதையின் நீண்ட நேர்க்கோட்டில் மேல் சுற்றுக்கு மதிப்பு உண்டு. அங்கே நீண்ட கேம் நியாயமானது. அதே எஞ்சின் ஜி.எஸ்.டி. சாலைச் சிக்னல்களில் நின்று நின்று போக வேண்டுமென்றால் தேவை முழுக்க வேறு. பந்தயத்தில் வென்ற கேம் என்ற பெயரைக் கேட்டு அதைச் சாலை வண்டிக்குக் கொண்டுவருவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய பிழை.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குடும்பம் ஒன்று என்பதால் எம்.ஜி.பி. கேம் அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஆயில் பம்பை ஓட்டும் முனை, பெட்ரோல் பம்பைத் தட்டும் மேடு, டேப்பட்டின் அளவு ஆகியவை ஆண்டுக்கும் வகைக்கும் மாறும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

டைமிங் வைப்பது

நல்ல கேமைத் தவறாக வைத்தால் அது கெட்ட கேம். ஸ்ப்ராக்கெட்டில் உள்ள புள்ளிகளை நேராக்கி மூடிவிடுவது போதாது. சாவிப் பள்ளம், ஸ்ப்ராக்கெட், கேம் வெட்டு ஒவ்வொன்றிலும் சிறு பிழை இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் நான்கைந்து டிகிரி விலகிவிடும். பழைய எஞ்சினில் நீண்டுபோன செயின் கேமைத் தாமதிக்கவும் செய்கிறது. "எஞ்சினுக்குப் பிக்கப் போய்விட்டது" என்று வருபவர் பலருக்குத் தேவை புதுக் கேம் அல்ல, புதுச் செயின்.

முறை எளிது. கிராங்கில் டிகிரி வட்டைப் பொருத்துங்கள். பிஸ்டனைத் தடுக்கும் ஒரு ஸ்டாப்பை வைத்து, இருபக்கமும் சுற்றி, தட்டும் இரண்டு கோணங்களின் நடுவே உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள். முதல் சிலிண்டரின் இன்லெட் புஷ்ராட் மேல் டயல் கேஜ் வையுங்கள். முகட்டின் உச்சியில் ஊசி சற்று நேரம் நகராமல் நிற்கும். ஆகவே உச்சியைக் கண்ணால் நம்பாதீர்கள். உச்சிக்கு இருபக்கமும் ஒரே அளவு இறங்கிய இரண்டு கோணங்களைக் குறித்து நடுவை எடுங்கள். ஒரு பக்கம் 62, மறுபக்கம் 154 என்றால் நடுக்கோடு 108. கேம் அட்டை 106 கேட்டால், இரண்டு டிகிரி முன்னேற்ற வேண்டும். அதற்கு ஆஃப்செட் சாவியோ, நகர்த்தி இறுக்கும் ஸ்ப்ராக்கெட்டோ கிடைக்கும். கேமை அளக்கும்போது கிராங்கை ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். திருப்பினால் செயின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும்.

கேமை முன்னேற்றினால் இன்லெட் சீக்கிரம் மூடும்; கீழ் சுற்று இழுவை கூடும்; உச்ச சக்தி சற்றுக் குறையலாம். பின்னேற்றினால் இதற்கு நேர்மாறு. எம்.ஜி.பி.யில் இன்லெட் 70 டிகிரியில் மூடும் கேமை நான்கு டிகிரி முன்னேற்றினால் செயல்படும் கம்ப்ரஷன் 6.7-இலிருந்து 6.9-க்கு ஏறும். ஆனால் ஒற்றைக் கேமில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் சேர்ந்தே நகரும் என்பதை மறக்கக் கூடாது. சற்றுப் பெரிய கேமை வாங்கிவிட்டவருக்கு முன்னேற்றம் ஓரளவு கை கொடுக்கும். தவறான கேமைச் சரியானதாக்காது.

டைமிங் வைத்த பிறகு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே தூரம் பார்க்க வேண்டும். பிஸ்டன்மேல் களிமண் வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து அளக்கலாம். இன்லெட்டுக்கு 2 மி.மீ.யும் எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ.யும் குறைந்தபட்சம் என்று கொள்வது வழக்கம். ஹெட்டைச் சீவியிருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பெரிய எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்காமலிருக்கச் சில ஏ-சீரிஸ் பிளாக்குகளில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அங்கேயும் இடைவெளி பார்க்க வேண்டும்.

கேமோடு சேர்ந்து வருபவை

புதுக் கேமுக்குப் புது டேப்பட் கட்டாயம். பழைய முகட்டோடு தேய்ந்து பழகிய டேப்பட்டைப் புது முகட்டில் வைத்தால் இரண்டும் அழியும். ஸ்ப்ரிங், முழு உயரத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வேண்டும். அதேசமயம் நீங்கள் ஓட்டும் உச்ச சுற்றில் வால்வு மிதக்காத அளவு வலிமை வேண்டும். தேவைக்கு மேல் கடினமான ஸ்ப்ரிங் முகட்டைத் தின்றுவிடும்.

முதல் ஓட்டத்தின் முதல் இருபது நிமிடம் முக்கியமானது. முகடுகளில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் ஓட விட வேண்டும். முகட்டுக்கும் டேப்பட்டுக்கும் ஆயில் பெரும்பாலும் தெறித்துத்தான் வருகிறது. மெதுவான சுற்றில் அது போதாது. ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புப் பொருள் வேண்டும். வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக, 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. தட்டையான டேப்பட் உள்ள பழைய எஞ்சினுக்கு, பழைய வண்டிகளுக்கென்றே வரும் ஆயிலைத் தேடி வாங்குவது நல்லது.

டிஸ்ட்ரிபியூட்டரும் பழைய நிலையில் இருக்க முடியாது. ஓவர்லேப் கூடினால் ஐடிலில் கலவை மெதுவாக எரியும். தொடக்க அட்வான்ஸ் கூட வேண்டும், மொத்த அட்வான்ஸ் மாறாமலிருக்க அதன் வளைவைத் திருத்த வேண்டும். எஸ்.யு. கார்புரேட்டரில் ஊசியை மாற்ற வேண்டிவரும். இவற்றுக்கு ரோலிங் ரோடில் செலவிடும் ஒரு நாள், கேமுக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகப் பலன் தரும்.

தீர்ப்பு

எல்லா வாதங்களையும் எடைபோட்ட பிறகு நான் வந்து சேரும் முடிவு இது. தினமும் ஓடும் எம்.ஜி.பி.க்கோ அம்பாசடருக்கோ ஆலைக் கேமே குறைந்தது அல்ல. புதுச் செயினும், அளந்து வைத்த டைமிங்கும், சீர்செய்த ஹெட்டும் கிடைத்தால் பெரும்பாலோர் தேடும் சுறுசுறுப்பு அதிலேயே வந்துவிடும். வார இறுதியில் மலைப்பாதைக்குப் போகும் எம்.ஜி.பி.க்கு, கம்ப்ரஷனை 9-க்குச் சற்று மேல் உயர்த்தி, 270 டிகிரியைத் தாண்டாத கேமை 106 அளவில் வைத்தால் போதும். 285-ஐ ஹெட், எக்ஸாஸ்ட், கியர் மூன்றும் அதற்கேற்ப மாறிய வண்டிக்கு மட்டும் வையுங்கள். 300 பந்தயப் பாதைக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.

கேம் வாங்கப் போகுமுன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: நீங்கள் அதிகம் ஓட்டும் ஆர்.பி.எம்., உங்கள் கம்ப்ரஷன் விகிதம், இன்லெட் மூட வேண்டிய கோணம், ஏற்கக்கூடிய ஓவர்லேப். விற்பவர் எதைக் காட்டினாலும் அந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கேம்களுக்கு நடுவே மனம் தடுமாறினால் சிறியதை வாங்குங்கள்.